ஜாகுவார் ஈ-டைப்பும் ஒரு சின்ன ஸ்விட்சும்

1961 மார்ச் மாதம், ஜெனீவா மோட்டார் கண்காட்சி. இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் ஈ-டைப் என்ற புதிய காரை அங்கே அறிமுகப்படுத்தியது. மணிக்கு 150 மைல் வேகம் என்று விளம்பரம். 3.8 லிட்டர் இன்ஜின், கம்பெனி சொன்ன கணக்குப்படி 265 குதிரைத்திறன். விலை சுமார் 2,100 பவுண்டு. அதே வேகத்துக்கு ஃபெராரி வாங்கப் போனால் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். காரைப் பார்த்தவர்கள் எல்லாம் முதலில் பேசியது அதன் நீளமான மூக்கைப் பற்றித்தான். விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்த மால்கம் சேயர் என்ற வடிவமைப்பாளர், காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காகவே வரைந்த மூக்கு அது.

இவ்வளவு வேகமான காருக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். சிக்னலில் நிற்பது!

ஓடும்போது பிரச்சினையே இல்லை. முகப்பில் இருக்கும் அந்த முட்டை வடிவ வாய் வழியாகக் காற்று தானாக உள்ளே பாய்ந்து ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றுவிட்டால் காற்று கிடையாது. ஆனால் இன்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், சூடும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அப்போது காற்றை இழுப்பதற்காக ரேடியேட்டருக்கு அருகில் ஒரு சின்ன மின்சார ஃபேன் வைத்திருந்தார்கள். அது எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையை டிரைவரிடம் கொடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் பொருத்தியிருந்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு ஸ்விட்சிடம் கொடுத்தார்கள். ஜாகுவார் பிரியர்கள் அதை இன்றும் 'ஓட்டர் ஸ்விட்ச்' என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டர் என்றால் நீர்நாய். தண்ணீரிலேயே கிடப்பதால் வந்த பட்டப்பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அதைத் தயாரித்த கம்பெனியின் பெயர் அது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி உண்டு: "எத்தனை டிகிரி ஸ்விட்ச் போடலாம்?" சட்டைக்கு சைஸ் கேட்பது போல ஒரே ஒரு எண்ணைக் கேட்பார்கள். அப்படி ஒரு எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது புரிய வேண்டுமானால் இந்த ஸ்விட்ச் காருக்குள் வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சூடாக மாறி, இன்ஜினைச் சுற்றியிருக்கும் தண்ணீருக்குப் போகிறது. அந்தச் சூட்டை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். 1886ல் கார்ல் பென்ஸ் செய்த முச்சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1901ல் வந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வைத்தார். 8,070 குட்டிக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் சதுரம். அதற்குப் பின்னால் ஒரு ஃபேன். முன்பு 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்றானது. இன்றைய கார் ரேடியேட்டரின் பாட்டன் இதுதான்.

1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி இன்னும் சிக்கனம். சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும் என்ற பள்ளிக்கூட விதியை வைத்தே தண்ணீரைச் சுற்ற விட்டார் ஹென்றி ஃபோர்டு. (முதல் 2,500 கார்களில் தண்ணீர் பம்ப் இருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்!) ஆனால் ஃபேனை மட்டும் எடுக்கவில்லை. இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்த ஃபேன், இன்ஜின் சுற்றும் வரை அதுவும் சுற்றும். அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகத்தின் பெரும்பாலான கார்களில் இதே ஏற்பாடுதான். நம்மூர் அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதில் என்ன குறை? ஃபேன் இழுக்கும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. இன்ஜின் 800 சுற்றில் இருந்து 4,000 சுற்றுக்குப் போனால் வேகம் ஐந்து மடங்கு, ஃபேன் தின்னும் சக்தி 125 மடங்கு! வேடிக்கை என்னவென்றால் 4,000 சுற்றில் கார் ஓடிக்கொண்டிருக்கும், காற்று இலவசமாகவே வந்துகொண்டிருக்கும், அப்போது ஃபேனே தேவையில்லை. உண்மையில் தேவைப்படும் 800 சுற்றில் அது சோம்பலாகச் சுற்றும். காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், பெல்ட் ஃபேன் என்பது வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டிய கடை வாடகை போன்றது. அதிலும் வியாபாரம் தேவையில்லாத நாளில் வாடகை 125 மடங்கு ஏறுகிற விசித்திரமான கடை. மின்சார ஃபேன் வந்தபோது இந்த நிலையான செலவு, தேவைக்கேற்ப மாறும் செலவாக மாறியது. வரலாற்றில் இந்தச் சின்ன கண்டுபிடிப்பின் இடம் அதுதான்.

சட்டென்று வந்துவிடவில்லை. இடையில் பல சமரசங்கள். 1930களில் செர்ஜியஸ் வெர்னே மெழுகு வைத்த தெர்மோஸ்டாட்டை உருவாக்கினார். சூடானால் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும், குளிர்ந்தால் மூடும். இது தண்ணீரின் போக்கை மட்டும்தான் கட்டுப்படுத்தும். ஃபேன் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய கிளட்ச் வந்தது. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால்தான் அது ஃபேனை இறுக்கிப் பிடிக்கும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு சுற்றும். பிரான்சில் பெஜோ நிறுவனம் வேறு வழி கண்டது. 1960ல் வந்த பெஜோ 404 காரில் பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், தேவைப்படும்போது மட்டும் ஒரு மின்காந்தம் ஃபேனை அதோடு சேர்த்துப் பிடிக்கும். அங்கே காந்தத்துக்கு உத்தரவு போட்டதும் தண்ணீரின் சூட்டை அறியும் ஒரு ஸ்விட்ச்தான்.

ஜாகுவார் ஒரு படி மேலே போய் பெல்ட்டையே விட்டுவிட்டது. தாழ்ந்த மூக்குக்குள் ரேடியேட்டரைப் பொருத்தி, தனி மோட்டாரில் ஃபேனை ஓட விட்டது. அதே 1961ல்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதுவும் இங்கிலாந்தில் பிறந்த வடிவம்தான். ஆனால் அதில் பழைய பெல்ட் ஃபேன்தான். மின்சார ஃபேன் அன்று பணக்காரச் சமாச்சாரம்.

அதைச் சாதாரணக் காருக்குக் கொண்டுவந்தது வேகமோ ஆடம்பரமோ கிடையாது, இடப்பற்றாக்குறை. 1959ல் அலெக் இசிகோனிஸ் மினி காரில் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். குறுக்காக வைத்தால் இன்ஜினின் முனை பக்கத்துச் சக்கரத்தைப் பார்க்கும், காரின் முகப்பைப் பார்க்காது. பெல்ட் ஃபேன் போட வேண்டுமானால் ரேடியேட்டரையும் பக்கவாட்டில் சக்கரத்தின் அருகே கொண்டுபோக வேண்டும். மினியில் அப்படித்தான் செய்தார்கள். இத்தாலியில் ஃபியட்டின் தலைமைப் பொறியாளர் டாண்டே ஜியாகோசா, ரேடியேட்டரை முகப்பிலேயே விட்டுவிட்டு அதற்கு மின்சார ஃபேன் கொடுத்தார். 1969ல் வந்த ஃபியட் 128, அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பியச் சிறந்த கார் விருதைப் பெற்றது. அதன் பிறகு 1974ல் வோக்ஸ்வாகன் கோல்ஃப், 1983 டிசம்பரில் நம் மாருதி 800 என்று எல்லாச் சின்னக் கார்களும் ஏறக்குறைய அதே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தன. மாருதியில் போனவர்களுக்கு நினைவிருக்கும், சிக்னலில் நிற்கும்போது திடீரென்று முன்னால் 'ஊஊம்' என்று ஒரு சத்தம் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும்.

அந்தத் 'திடீர்'தான் இங்கே முக்கியம். ஸ்விட்சுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு வேறு உலோகத் தகடுகளை ஒன்றாக ஒட்டிச் சூடாக்கினால், ஒன்று அதிகம் நீளும், மற்றொன்று குறைவாக நீளும். ஒட்டியிருப்பதால் தகடு வளைந்துகொள்ளும். 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கடலில் தீர்க்கரேகையைக் கணிப்பதற்காகச் செய்த கடிகாரங்களில் மூன்றாவதில் இந்த ஈருலோகப் பட்டையைப் பயன்படுத்தினார். 19 வருடம் அந்த ஒரு கடிகாரத்தோடு போராடினார் மனிதர். வெயிலிலும் குளிரிலும் கடிகாரம் தப்பாமல் ஓடுவதற்காகச் செய்த அந்தப் பட்டைதான் நம் ஸ்விட்சின் ஆதி.

ஆனால் மெதுவாக வளையும் பட்டையை அப்படியே ஸ்விட்சாக வைத்தால் ஆபத்து. மின்தொடுப்புகள் தயங்கித் தயங்கி நெருங்கும், தயங்கித் தயங்கிப் பிரியும். அந்த இடைவெளியில் தீப்பொறி பறந்து தொடுப்புகள் கருகும், சில நேரம் ஒன்றோடொன்று ஒட்டியே போகும். இதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் ஜான் ஸ்பென்சர். மெய்ன் மாநிலத்தில் சிறுவனாக ஒரு மர ஆலையின் கொதிகலனைக் காவல் காத்தபோது, சூட்டில் புடைத்திருந்த இரும்புக் கதவு ஆறும்போது 'டக்' என்று உள்வாங்குவதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் 1920களில் செய்தது நிஜம். ஈருலோகத் தகட்டைப் பட்டையாக விடாமல், தட்டு போலக் குழிவான வில்லையாகச் செய்தார். டப்பா மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்ச நேரம் எதிர்த்துவிட்டு ஒரே மூச்சில் 'டிக்' என்று மறுபக்கம் புடைக்குமே, அதே போல. தயக்கம் கிடையாது. மின் இஸ்திரிப் பெட்டிகளில் இது புகுந்தது. ஸ்பென்சரோடு அந்தத் தொழிலில் சேர்ந்திருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அறிவியல் ஆராய்ச்சி முழுவதையும் ஒருங்கிணைத்த வன்னிவர் புஷ். அவர்கள் தொடங்கிய தொழில் பல இணைப்புகளுக்குப் பிறகு 1959ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைக்குப் போனது. கால்குலேட்டர் கம்பெனி என்று நாம் அறிந்த அதே நிறுவனம்தான்.

இங்கிலாந்தில் எரிக் டெய்லர், உயரத்தில் பறக்கும் போர் விமானிகள் உறைந்துபோகாமல் இருக்க மின்சாரத்தால் சூடாகும் உடைகளைத் தயாரிக்கும் தொழிலில் இருந்தவர். அந்த உடைக்கு ஒரு சின்ன தெர்மோஸ்டாட் தேவைப்பட்டது. போர் முடிந்தபின் அவர் தொடங்கியதுதான் டெர்பிஷயர் மாவட்டத்துப் பக்ஸ்டனில் இயங்கிய ஓட்டர் கன்ட்ரோல்ஸ். ஜாகுவார் காருக்குப் போன ஸ்விட்ச் அங்கே பிறந்தது. அவருடைய மகன் ஜான் டெய்லரும் இதே வில்லைகளில் ஊறியவர். தண்ணீர் கொதித்ததும் தானாக அணையும் மின் கெட்டில்களின் ஸ்விட்ச் உலகெங்கும் கோடிக்கணக்கில் போகக் காரணமானவர். அந்தப் பணத்தில் 2008ல் கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிச் சுவரில் ஒரு விசித்திரமான கடிகாரத்தை வைத்தார். மேலே ஒரு பயங்கரமான வெட்டுக்கிளி உட்கார்ந்து நேரத்தைத் தின்னும். அது யாருக்குக் காணிக்கை தெரியுமா? ஜான் ஹாரிசனுக்கு!

சரி, டிகிரிக் கணக்குக்கு வருவோம்.

குழிவான வில்லைக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சூட்டில் புடைக்கிறதோ அதே சூட்டில் திரும்பாது, கீழே இறங்கிய பிறகுதான் திரும்பும். அதனால் இந்த ஸ்விட்சுக்கு எப்போதும் இரண்டு எண்கள். ஈ-டைப் காரில் ஃபேன் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் ஓடத் தொடங்கி, ஏறத்தாழ 72 டிகிரிக்கு இறங்கும்போது நிற்கும். இந்த இடைவெளி வில்லையின் குறை என்று தோன்றலாம். உண்மையில் இது இல்லாவிட்டால் 80ல் ஆன், 79.9ல் ஆஃப், மறுபடி 80ல் ஆன் என்று மோட்டார் நிமிடத்துக்குப் பத்து தடவை துடிக்கும். ஸ்விட்சை வாங்கும்போது பலரும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். தவறு பெரும்பாலும் இரண்டாவது எண்ணில்தான் நடக்கிறது.

எப்படி? தெர்மோஸ்டாட் ஒரு காவல்காரன். தன் எண்ணுக்குக் கீழே இருக்கும் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடமாட்டான். ஒருவர் குளிர்காலத்துக்காகவோ, கடையில் அதுதான் கிடைத்தது என்பதற்காகவோ தன் ஈ-டைப்பில் 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு வந்து சேரும் தண்ணீரே 82க்கு மேல்தான் இருக்கும். 80ல் ஓடத் தொடங்கிய ஃபேன், தண்ணீர் 72க்கு இறங்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும். அது இறங்காது. நெடுஞ்சாலையில் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போதும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். உரிமையாளர் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவார், அதுவும் அப்படியே 'கெட்டுப்' போயிருக்கும்! ஃபேனை நிறுத்தும் எண், தெர்மோஸ்டாட் திறக்கும் எண்ணைவிடச் சில டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும் இடம். ஈ-டைப்பில் அது இருப்பது இன்ஜினிலிருந்து சூடாக வரும் தண்ணீரின் தொட்டியில். 1970களின் ஐரோப்பியச் சின்னக் கார்கள் பலவற்றில் அது ரேடியேட்டரிலேயே, குளிர்ந்த தண்ணீர் வெளியேறும் பக்கமாகத் திருகப்பட்டிருக்கும். இரண்டும் கேட்கும் கேள்வி வேறு. சூடான பக்கத்து ஸ்விட்ச் "இன்ஜின் எவ்வளவு சூடு?" என்று கேட்கிறது. குளிர்ந்த பக்கத்து ஸ்விட்ச் "ரேடியேட்டர் தன் வேலையைச் செய்துவிட்டதா?" என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வி புத்திசாலித்தனமானது. இன்ஜின் சூடாகவே இருந்தாலும் ஓடும் காற்றில் ரேடியேட்டர் நன்றாகக் குளிர்வித்தால் ஃபேன் வீணாக ஓடாது. இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீர் கசிந்து குறையும்போது மேலே இருக்கும் ஸ்விட்ச் வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டிருக்கும், கீழே இருப்பது இன்னும் தண்ணீரில் நனைந்திருக்கும்.

ஆனால் ஒரு இடத்தின் எண்ணை இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. ரேடியேட்டருக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். உதிரிபாக அட்டவணைகளில் 92-87 என்று ஒரு ஜோடி அடிக்கடி கண்ணில் படும். கீழ்ப்பக்கம் 92 என்றால் மேலே ஏற்கெனவே 100ஐ நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அது அந்தப் புதிய காருக்குச் சரி. பழைய காருக்கு?

இங்கேதான் ரேடியேட்டர் மூடி வருகிறது. மூடியில் இருக்கும் ஸ்பிரிங் தண்ணீரை அழுத்தத்தில் வைக்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். சமையலறை குக்கரில் நடப்பதேதான். 15 பவுண்டு மூடி போட்ட பிற்காலக் காரில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 121 டிகிரி வரை கொதிக்காது. அந்தக் காலக் கார்களில் 4 பவுண்டு, 7 பவுண்டு மூடிகள் சகஜம். 4 பவுண்டு மூடியில் 107 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் கலந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆகவே புதிய காரின் 92 டிகிரி ஸ்விட்சைப் பழைய இன்ஜினின் கீழ்ப்பக்கம் வைத்தால், ஃபேன் விழித்துக்கொள்வதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் நடுவே மிச்சம் இருப்பது ஏழெட்டு டிகிரிதான். அதற்காக "இருக்கட்டுமே, 15 பவுண்டு மூடியைப் போட்டுவிடலாம்" என்று கிளம்பினால் அறுபது வருடப் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றும் ரப்பர் ஹோஸும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மூடி 200 ரூபாய் சமாச்சாரம், ரேடியேட்டர் அப்படியில்லை.

"அப்படியானால் கீழான எண்ணாகப் பார்த்துப் போட்டுவிட்டால் பத்திரம்தானே?" அதுவும் இல்லை. ஃபேன் ஓயாமல் ஓடினால் பெல்ட் ஃபேனுக்கே திரும்பிப் போனதாகத்தான் அர்த்தம். இன்ஜின் தன் சூட்டுக்கே வராமல் ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், எண்ணெயில் ஈரம் சேர்ந்து கசடாகும், தேய்மானம் கூடும். மேலும் மின்சாரம் எங்கிருந்து வரும்? 1961ன் ஈ-டைப்பில் இருந்தது டைனமோ. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. பழைய கார்களில் நின்றால் சிவப்பு விளக்கு மினுக்குவது இதனால்தான். ஃபேன் அவசியமாகத் தேவைப்படும் அதே சிக்னல் நேரத்தில், அது பேட்டரியின் சேமிப்பைத்தான் தின்ன வேண்டும். இரவு, ஹெட்லைட், மழை என்றால் வைப்பர் வேறு! 1964ல் 4.2 லிட்டர் ஈ-டைப் வந்தபோது டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டார்கள். அது மெதுவான சுற்றிலும் மின்சாரம் தரும். 1968ல் வந்த இரண்டாம் தொடர் காரில் முகப்பு வாயைப் பெரிதாக்கி, ஃபேனை இரண்டாக்கினார்கள். ஏழு வருடத்தில் கம்பெனியே இத்தனை தூரம் இறங்கி வந்திருக்கிறது என்றால், முதல் கார்களின் பிரச்சினை ஸ்விட்ச் எண்ணோடு மட்டும் முடியவில்லை என்று தெரிகிறது. 80 டிகிரி ஸ்விட்சைக் கழற்றி 75 போட்டால் ஃபேன் சீக்கிரம் ஓடும், அதிகமாக ஓடாது. ஃபேன் இழுக்கும் காற்றே போதாத இடத்தில் ஸ்விட்ச் எந்த எண்ணாக இருந்தும் பயனில்லை. ரேடியேட்டரின் உள்ளே துரு அடைத்திருந்தாலும் அதே கதைதான்.

ஈ-டைப் ஆரம்பத்திலிருந்தே மின்சார ஃபேனுக்காகச் செய்த கார். பெல்ட் ஃபேனோடு பிறந்த கார்களுக்குப் பிற்பாடு மின்சார ஃபேன் மாட்டும் வழக்கமும் இங்கிலாந்தில் வளர்ந்தது. கென்லோ என்ற நிறுவனம் இதற்கென்றே பெயர் வாங்கியது. குதிரைத்திறன் மிச்சம், பெட்ரோல் மிச்சம், சத்தம் குறைவு என்று விளம்பரம் செய்தார்கள். அவர்களுக்கு ஒரு சிக்கல். பழைய ரேடியேட்டரில் ஸ்விட்ச் திருக ஓட்டையே கிடையாது. அதற்கு ஒரு மெல்லிய செம்புக் குழாயின் நுனியில் குமிழ் வைத்து, அதை மேல் ஹோஸுக்குள் செருகிவிட்டார்கள். குமிழுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து தூரத்தில் இருக்கும் ஸ்விட்சை அழுத்தும். அந்த ஸ்விட்சில் ஒரு திருகு உண்டு, வேண்டிய டிகிரிக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர் மின்சார ஃபேன் மாட்ட நினைத்தால் இன்றும் அவருக்கு இருப்பது இதே மூன்று வழிகள்தான்: ரேடியேட்டர் தொட்டியில் மரை வைத்த வளையத்தைப் பற்றவைப்பது, ஹோஸை வெட்டி நடுவில் ஸ்விட்ச் பிடிக்கும் குழாயைச் செருகுவது, அல்லது இந்தக் குமிழ். திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்பதால் குமிழ் வழி கவர்ச்சியானது. ஆனால் ஹோஸின் வாயில் குழாய் நுழையும் இடம் கசியும் என்று புலம்புகிறவர்கள் உண்டு. கசிவைவிட நல்ல மரையே மேல். எந்த வழியானாலும் ஃபேனின் முழு மின்சாரத்தையும் அந்த ஸ்விட்ச் வழியாக ஓட விடாமல் நடுவில் ஒரு ரிலே வைப்பது அவசியம். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. சின்ன வில்லையின் தொடுப்புகள் அதைத் தினமும் தாங்கிக்கொண்டிருக்க முடியாது.

பெல்ட் ஃபேனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெல்ட் அறுந்தால் உடனே தெரியும். அதே பெல்ட்தான் டைனமோவையும் சுற்றுகிறது, சிவப்பு விளக்கு எரிந்துவிடும். ஸ்விட்ச் செத்தால் எந்த விளக்கும் எரியாது. ஆறு மாதம் நெடுஞ்சாலையிலேயே ஓடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏழாவது மாதம் ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு மூடிய ரயில்வே கேட்டில் தெரியும். ஈ-டைப்பின் இன்ஜினில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். அதிகம் சூடானால் அலுமினியத் தலை வளைந்துவிடும். அப்புறம் செலவைப் பற்றிப் பேச வேண்டாம். இதனால்தான் ஈ-டைப் உரிமையாளர்கள் பலர் டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணில் படாமல் கையால் போடும் ஸ்விட்ச் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். ஓட்டரை நம்பாமல் அல்ல, வெப்பமானியின் முள் தாண்டிப் போகும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாதே என்று.

ஓட்டர் வகை ஸ்விட்ச் இன்றும் வெவ்வேறு டிகிரிகளில் விற்கிறது. வாங்கியதை நேராகக் காரில் மாட்டாமல் முதலில் அடுப்பில் சோதிப்பது நல்லது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஸ்விட்சின் அடிப்பகுதி மட்டும் நனையும்படி ஒரு கம்பியில் தொங்க விட வேண்டும். பக்கத்தில் ஒரு வெப்பமானி, இரண்டுமே பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. ஸ்விட்சோடு ஒரு 12 வோல்ட் பேட்டரியும் சின்ன பல்பும். தீயைக் குறைத்து வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால், 'டிக்' என்ற சத்தத்தோடு பல்பு எரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீர் ஆறும்போது பல்பு அணையும் எண்ணையும் குறிக்க வேண்டும். அட்டையில் அச்சடித்த எண்ணும் பாத்திரத்தில் கிடைத்த எண்ணும் இரண்டு மூன்று டிகிரி விலகியிருக்கலாம். தெர்மோஸ்டாட்டையும் அதே பாத்திரத்தில் போட்டு அது எப்போது வாய் திறக்கிறது என்று பார்த்துவிட்டால், காரில் மாட்டுவதற்கு முன்பே மூன்று எண்களும் ஒரே தாளில் இருக்கும்.